யார் வைத்த பால்

"பாலை அடுப்புல வச்சுட்டு எங்கடி போனே?"

மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வீட்டில் இருந்த கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தன. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு பழைய நாளிதழை மடித்து, அடுக்களைக் காற்றை வெளியே விசிறிக்கொண்டிருந்தார். காஸ் நாற்றம் இன்னும் முழுசாகப் போகவில்லை. மாமியார் கையில் பால் பாத்திரம். பொங்கி வழிந்த பால் அதன் வெளிப்புறத்தில் கோடு கோடாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. கண் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பியிருந்த மாமியாருக்கு ஒரு கண்ணில் சொட்டு மருந்து, மற்றக் கண்ணில் கண்ணீர்.

"கேக்கறேன்ல? பால் பொங்கி, அடுப்பு அணைஞ்சு, காஸ் அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கு. பிள்ளை காய்ச்சலோட உள்ள தூங்குது. நான் இன்னும் கொஞ்சம் தாமதமா வந்திருந்தா..."

மாமியாரால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பேத்தி மேல் அவருக்கு உயிர். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஏழு வயதுக் குட்டி, கூடத்துச் சோபாவில் அப்பாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. வாந்தி எடுத்து ஓய்ந்த முகம் வெளுத்துக் கிடந்தது. தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை, காற்றாட இருக்கட்டும் என்று சொல்லிப் போயிருந்தார். வேலையிலிருந்து ஓடி வந்திருந்த கணவன் மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். நிமிரவில்லை.

பேக்கரியிலிருந்து ஓடி வந்தவளின் முழங்கை வரை ரோஸ் நிறக் க்ரீம். அந்தக் கையோடு மகளைத் தொடப் பயந்து, பாவாடை தடுக்கிய பிள்ளைபோல நடு வீட்டில் நின்றாள். காலையில் தான் பாலை அடுப்பில் வைத்தோமா? யோசித்துப் பார்த்தாள். வைத்ததுபோலத்தான் இருந்தது. பாத்திரத்தில் பால் ஊற்றியது, திருகைத் திருப்பியது, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி எழுந்தது எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது.

"நான்தான் அத்தை. மறந்துட்டேன். மன்னிச்சிடுங்க" என்றாள்.

அவளுக்கு இது பழகிய வார்த்தை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. சண்டை வளர்வதற்கு முன்னால் குற்றத்தைத் தலையில் போட்டுக்கொண்டால் வீடு சீக்கிரம் அடங்கும் என்பது அனுபவத்தில் அவள் கற்றுக்கொண்ட வித்தை. அன்றைக்கும் கணவன் வாயைத் திறக்கவில்லை. நாலு வார்த்தை திட்டாமல் இருக்கிறாரே என்று அதைக் கருணையாக எடுத்துக்கொண்டாள்.

அவள் மறதிக்காரி என்பதில் சந்தேகம் ஒன்றும் இல்லை. பாலைப் பொங்க விட்டிருக்கிறாள். துவைத்த துணியை இயந்திரத்திலேயே விட்டு நாற வைத்திருக்கிறாள். ஒருவர் பேசி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். கடைக்குப் போனால் எதற்குப் போனோமோ அதைத் தவிர மற்றதெல்லாம் வாங்கி வருவாள். பள்ளியில் அவளுக்குக் காத்தாடி என்று பெயர். "மூளை என்ன முழங்கால்லயா இருக்கு?" என்று அவள் அம்மாவே கேட்டுக் கேட்டு ஓய்ந்து போனாள்.

இந்தக் குணத்துக்கு ஒரு பெயர் உண்டு என்று தெரிய வந்தது தற்செயலாக. குட்டி வகுப்பில் கவனிப்பதே இல்லை, எங்கேயோ பார்க்கிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்ப, அவள் மகளை டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் சோதித்துப் பார்த்து, பிள்ளைக்கு மூளையில் கோளாறு ஒன்றும் இல்லை, கரும்பலகை தெரியவில்லை, கண்ணாடி போடுங்கள் என்றார். பிறகு, டோக்கனைத் தொலைத்துவிட்டு இரண்டாவது டோக்கன் வாங்கி அதையும் தேடிக்கொண்டிருந்த தாயைப் பார்த்துச் சிரித்து, "உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார். பல தடவை வரச் சொல்லி, பழைய கதையெல்லாம் கேட்டு, கடைசியில் ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிலைக்காத தன்மை, என்றார். சிறு வயதிலிருந்தே இருந்திருக்கிறது, மூளை வேலை செய்கிற விதமே அப்படி, சோம்பலும் இல்லை திமிரும் இல்லை என்று விளக்கி மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்கு அவள் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முப்பத்து நாலு வருஷம் திருட்டுப் பட்டம் சுமந்தவளை, நீ திருடி இல்லை என்று அனுப்பி வைத்ததுபோல இருந்தது. பேக்கரியிலிருந்து ஒரு கேக் வாங்கிக்கொண்டு வந்து, எல்லாரையும் உட்கார வைத்து, துண்டு போட்டுக் கொடுத்து, நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னாள்.

மாமியார் கேக்கைத் தின்று முடித்தார். விரலைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இது பைத்தியத்துல சேர்த்தியா?" என்று கேட்டார்.

கெடுதல் அங்கேதான் தொடங்கியது. பெயர் தெரிந்தால் மனிதர்கள் புரிந்துகொள்வார்கள் என்று அவள் நினைத்தாள், பாவம். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்த கதையாயிற்று. முன்பெல்லாம் அவள் பாலைப் பொங்கவிட்டால் அது அன்றைக்கு ஒரு நாள் வசவோடு போகும். இப்போது வசவு போய்விட்டது. அதன் இடத்தில் ஒரு பெருமூச்சும், "என்ன பண்றது, அந்த நாலெழுத்து வியாதி" என்ற சொல்லும் வந்து உட்கார்ந்துகொண்டன. கணவன் தொலைத்த குடையும், மாமியார் எங்கோ வைத்த மூக்குக் கண்ணாடியும் கூட அவளைத்தான் வந்து சேர்ந்தன. அவள் ஒரு பேச்சில் குறுக்கே புகுந்தால் வியாதி. அழுதால் வியாதி. சிரித்தால், "பாரு, அது முத்திருச்சு" என்று கண் ஜாடை.

அதற்கு மேலே ஒரு காரியம் செய்தார் மாமியார். அடுப்பு பற்றவைக்கிற லைட்டரையும் தீப்பெட்டியையும் எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இனி அவர் இல்லாமல் அடுப்பு எரியாது. மருமகள் ஒரு வாய் டீ குடிக்க வேண்டுமென்றாலும், "அத்தை, லைட்டர் தர்றீங்களா?" என்று கேட்டு நிற்க வேண்டும். அப்படிக் கேட்கக் கூசி, அவள் வீட்டில் டீ குடிப்பதையே விட்டுவிட்டாள்.

காஸ் சம்பவம் நடந்த சாயங்காலமே வெளியூரில் இருந்த நாத்தனாருக்குப் போன் போயிற்று. கணவனுக்கு அக்கா. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, இரண்டு பையன்களை வளர்த்து ஆளாக்கியவர், குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறு சொல் கிடையாது. போனிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. குட்டி அவர் வீட்டில் இருந்து படிக்கட்டும். அவர் பள்ளியிலேயே சேர்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறார்.

"எத்தனை நாளைக்கு?" என்று அவள் கணவனைக் கேட்டாள்.

"பாக்கலாம். நீ கொஞ்சம் சரியாகற வரைக்கும்."

"இது சரியாகற சமாச்சாரம் இல்லைங்க. டாக்டர் சொன்னாரே."

"அப்புறம் என்னை என்ன பண்ணச் சொல்றே?" என்று அவன் எரிந்து விழுந்தான். "நீயே ஒத்துக்கிட்டேல்ல? பிள்ளை உயிரோட விளையாட முடியுமா?"

பிள்ளை செத்துப்போயிருக்கும் என்ற நினைப்பு அவளை அறுத்துக்கொண்டிருந்தது. தன்னிடமிருந்து மகளைப் பிரித்து வைப்பதுதான் நியாயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குட்டியின் துணிகளை அவளே பையில் அடுக்கினாள். அடுக்கும்போது உள்ளாடைகளை எடுத்து வைக்க மறந்துபோனாள். அதையும் மாமியார் பார்த்துவிட்டார். "இந்த லட்சணத்துல பிள்ளையைப் பிரியணுமேன்னு அழுகை வேற" என்று சொல்லிக்கொண்டே அவரே எடுத்து வைத்தார்.

சனிக்கிழமை காலை வழக்கம்போல வேலைக்குப் போனாள். கேக் மேலே பெயர் எழுதுவதும் பூ வைப்பதும் அவள் வேலை. அங்கும் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் பன் வாங்க வந்தவர் பன்னோடு திரும்பாமல், முதலாளியம்மாவிடம் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். "ஓவன் பக்கம் போகாதேம்மா, எதுக்கு வம்பு?" என்று முதலாளியம்மா பட்டும் படாமலும் சொன்னார். அவள் ஓவன் பக்கம் போகிறவளே இல்லை. அது வேறொருவர் வேலை. அந்த வேறொருவரை, எப்போதும் அனலில் நிற்பதால், எல்லாரும் சூடண்ணன் என்பார்கள்.

சூடண்ணன் தனக்கு டீ போடும்போது அவளுக்கும் சேர்த்துப் போடுவார். அன்றைக்கும் கொண்டு வந்து வைத்தார்.

"தினம் காலையில வந்ததும் இங்க டீ. உங்க வீட்ல என்ன அடுப்பே மூட்ட மாட்டாங்களா?"

"மூட்டுவாங்கண்ணே. லைட்டர் எங்க மாமியார் பீரோல இருக்கு. நான் கிளம்பற நேரத்துல அது கைக்குக் கிடைக்காது."

"பீரோலயா? நகையையா பூட்டி வச்சிருக்காங்க?" அவர் சிரித்துவிட்டு ஓவன் பக்கம் போய்விட்டார்.

அவள் ஒரு பிறந்த நாள் கேக்கின் மேல் எழுதிக்கொண்டிருந்தாள். பாதி எழுத்தில் கை நின்றது. க்ரீம் கோனிலிருந்து க்ரீம் மட்டும் வழிந்து ஓர் இடத்தில் குவிந்துகொண்டே போயிற்று.

லைட்டர் பூட்டிக் கிடந்தது. அடுப்பைப் பற்ற வைக்காமல் பால் எப்படிப் பொங்கும்?

அந்தக் காலையை இப்போது வரிசையாக எண்ணிப் பார்த்தாள். விடிந்தும் விடியாமலும் மாமியார், பக்கத்து வீட்டு அம்மாளோடு கண் டாக்டரிடம் கிளம்பிப் போனார். அடுத்து, கணவனையும் குட்டியையும் வீட்டில் விட்டு அவள் கிளம்பினாள். வீட்டில் டீ குடிக்கவில்லை. இங்கே வந்து, இதே இடத்தில் நின்று, இதே டம்ளரில் குடித்தாள். அடுக்களைக்குள் அவள் கால் வைக்கவே இல்லை. அப்படியானால் அவள் கண்ணில் தெரிந்த அந்தத் திருகும் குமிழியும்? அதெல்லாம் வேறு வேறு காலைகள். எத்தனையோ நாள் பொங்கவிட்ட பாலின் ஞாபகம், சமயம் பார்த்து அவளுக்கு எதிராகவே வந்து பொய்ச் சாட்சி சொல்லியிருந்தது.

லைட்டரைப் பூட்டியது அவளை நம்பாததால். அந்தப் பூட்டை அப்புறம் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. பூட்டியவரும் நினைக்கவில்லை, பூட்டப்பட்டவளும் நினைக்கவில்லை. பால் பொங்கினால் அவள்தான் என்பது அந்த வீட்டில் அவ்வளவு உறுதியாகிப் போயிருந்தது.

"என்னம்மா இது, பேர் எழுதச் சொன்னா மலை கட்டி வச்சிருக்கே?" என்று முதலாளியம்மா சத்தம் போட்டார். "இதுக்குத்தான் எனக்குப் பயமே." அவள் க்ரீமைச் சுரண்டிவிட்டு மறுபடி எழுதினாள். கோபம் என்றால் என்ன என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. அன்றைக்கு ஞாபகம் வந்தது.

சாயங்காலம் பால்கனியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தபோது, கணவன் போனை நோண்டியபடி அங்கே வந்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"ஏங்க, அன்னைக்குப் பாலை வச்சது யாரு?"

அவன் முகம் போன போக்கிலேயே பதில் கிடைத்துவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்து, கதவைச் சாத்திவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"குட்டிக்குக் குடுக்கலாம்னுதான் வச்சேன். அதுக்குள்ள கிடங்குல இருந்து போன். லாரி நடு வழியில நின்னு போச்சுன்னு கத்தறாங்க. பேசிக்கிட்டே சட்டையை மாட்டினேன், பேசிக்கிட்டே படி இறங்கிட்டேன். அம்மா வேற வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லியிருந்தாங்க..."

அவன் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளன். நூறு பேர் சரக்கை மனதில் வைத்திருப்பவன் என்று அவன் அம்மாவுக்குப் பெருமை.

"அப்ப ஏன் சொல்லலை?"

"சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீயே 'நான்தான்'னு சொல்லிட்டே."

"நான் தெரியாம சொன்னேன். நீங்க தெரிஞ்சுல்ல சும்மா இருந்தீங்க?"

"உன்னை எப்படியும் ஏதாவது சொல்லத்தான் செய்வாங்க. உனக்கு அது பழகிப் போச்சு. ஒண்ணு கூடினா என்ன, குறைஞ்சா என்ன? எனக்கு அப்படியா? என் பிள்ளையை நானே..." அவன் குரல் உடைந்தது. உண்மையாகவே உடைந்தது.

அவளுக்கு மனசு இளகிவிட்டது. அது அவள் தலையெழுத்து. அடுப்பில் எதையோ வைத்துவிட்டோம் என்று பாதி வழியில் நினைவு வரும்போது எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டாள்.

"விடுங்க. எனக்கும் இப்படித்தான் ஆகும். கை ஒரு வேலையில இருக்கும், நெனப்பு இன்னொண்ணுல ஓடிரும்."

அவன் தோளை விலக்கிக்கொண்டான். "நீயும் நானும் ஒண்ணா? எனக்கு வேலைத் தொல்லைல ஒரு தடவை தவறிப் போச்சு."

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போகும்போது, "நாளைக்கு அக்கா வந்ததும் நானே சொல்லிடறேன். குட்டி போக வேண்டாம். சத்தியமா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தார். குட்டிக்குப் படப் புத்தகம், வண்ணப் பென்சில், புதுச் செருப்பு என்று கை நிறைய வாங்கி வந்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எதிர்த்துப் பேசுவது சுலபமாக இருந்திருக்கும். டாக்டர் சொன்ன நாளிலிருந்து, தம்பி மனைவியிடம் காது கேட்காதவரிடம் பேசுவதுபோல உரக்கவும் நிறுத்தி நிறுத்தியும் பேசுவார்.

"குட்டி எங்கிட்ட நல்லா இருப்பா. புரியுதாம்மா? நீ நிம்மதியா உன் உடம்பைப் பாத்துக்கலாம். புரியுதா?"

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை அண்ணி."

"இல்லைதான், இல்லைதான்" என்று நாத்தனார் தட்டிக் கொடுத்தார்.

"அம்மாவும் வர்றாங்கல்ல?" என்று குட்டி கேட்டது. மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டு, பேத்தியின் தலையை மறுபடி ஒரு தடவை வாரிவிட்டார்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் அக்காவுக்குக் காப்பி கொண்டு வந்து கொடுத்தான். பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தான். குட்டியின் பையைத் தூக்கிப் பார்த்துக் கனம் சரியாக இருக்கிறது என்றான். பை வாசலுக்குப் போயிற்று. அவன் அதை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் பார்வையில் பட்டான். உடனே போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினான். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை.

"அத்தை, ஒண்ணு கேக்கணும்" என்றாள் அவள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அன்னைக்குக் காலையில லைட்டர் எங்க இருந்துச்சு?"

"எங்க இருக்கும்? பீரோல."

"பீரோ சாவி?"

மாமியாரின் கை இடுப்புக்குப் போயிற்று. போன கை அங்கேயே நின்றுவிட்டது. கிளம்பும் அவசரத்தில், தூங்கிக்கொண்டிருந்த மகனை எழுப்பி, பிள்ளை எழுந்தால் பால் காய்ச்சிக் கொடு என்று சாவியை அவன் கையில் வைத்துவிட்டுப் போனது அவர்தான். அந்த அமளியில் அது அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஆக, அன்றைக்கு அந்த வீட்டில் எதையுமே மறக்காத ஒரே ஆள் மறதிக்காரிதான்.

"என்னடா இது?" என்றார் நாத்தனார் தம்பியைப் பார்த்து.

"நான்தான்க்கா" என்றான் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு. "போன் வந்துச்சு. மறந்துட்டேன்."

இனி என்ன நடக்கும் என்று அவள் காத்திருந்தாள். தனக்கு விழுந்த ஏச்சில் பாதியாவது அவனுக்கு விழும் என்று நினைத்தாள். அவளுக்கு அதில் ஆசை இல்லை. ஆனாலும் விழும் என்று நினைத்தாள்.

மாமியார்தான் முதலில் தேறினார். "பாவம், அவனும் எத்தனையத்தான் பாப்பான்? ஒத்தை ஆளா அந்தக் கிடங்கையே தலையில தூக்கிச் சுமக்கறான். மனுஷன்னா மறதி இல்லாம இருக்குமா?"

"அதானே. யாருக்குத்தான் நடக்காது?" என்றார் நாத்தனார். "விடுடா, முகத்தைத் தொங்கப் போடாதே. பிள்ளைக்குத்தான் ஒண்ணும் ஆகலையே."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மகன் உடைத்தால் என்ன குடம் என்று அவர்கள் சொல்லவில்லை. மகன் உடைத்தால் குடமே உடையவில்லை.

"உண்மையைச் சொல்லட்டுமா?" என்று மாமியார் மகளிடம் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல் எல்லார் காதிலும் விழுந்தது. "இவன் சின்ன வயசுல எவ்வளவு சூட்டிகையா இருந்தான்! ஒண்ணை மறந்தான்னு உண்டா? இவகூட இருந்து இருந்து இவனுக்கும் தொத்திக்கிச்சு."

அவள் சிரித்தாள். சிரிக்கக் கூடாத இடம் என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி அண்ணி. குட்டி இங்கயே இருக்கட்டும்ல?" என்று கேட்டாள்.

நாத்தனாருக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது. "அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? தம்பிக்கு ஒரு தடவை தவறிப் போச்சு. உனக்கு அது வியாதி. டாக்டரே சொல்லியிருக்காரு. இன்னைக்கு நீ செய்யலை, சரி. நாளைக்குச் செய்வேல்ல? நாங்க உன் நல்லதுக்குத்தான் சொல்றோம். புரியுதா?"

"புரியுது அண்ணி" என்றாள் அவள். "நல்லாவே புரியுது."

எழுந்து வாசலுக்குப் போனாள். பையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக் கூடத்தில் வைத்து, ஜிப்பைத் திறந்தாள். மேலே இருந்த சட்டையை எடுத்து அலமாரியில் வைத்தாள். திரும்பி வந்து இன்னொன்றை எடுத்தாள்.

"என்ன பண்றே நீ?" என்றார் மாமியார்.

"துணியை எடுத்து வைக்கறேன் அத்தை. என் பொண்ணு எங்கயும் வரமாட்டா."

அவள் கத்தவில்லை. அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. மாமியார் நாத்தனாரைப் பார்த்தார், நாத்தனார் தம்பியைப் பார்த்தார். மூன்று பேர் முகத்திலும் ஒரே எண்ணம் ஓடியது. இது எதனால் வருகிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

கணவன் மெல்ல அவள் அருகே வந்து குனிந்தான். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் கேட்பதுபோல, மிகவும் தன்மையாகக் கேட்டான்.

"இன்னைக்கு மாத்திரை போட்டியாம்மா?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"போட்டேன். நீங்க?"

நாத்தனார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அவள் மறுபடி பைப் பக்கம் திரும்பி, கீழே மிச்சமிருந்த துணிகளையும் வெளியே எடுத்தாள். ஒன்றைக்கூட நேராக மடிக்கவில்லை. நேராக மடிப்பது அவளுக்கு வராது. மடித்த வரைக்கும் மடித்து, எல்லாவற்றையும் மகளின் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.